முகப்பு அழகு அப்புறம் பார்க்கலாம்

அன்புள்ள தம்பி,

உங்கள் கம்பெனியின் இன்ட்ராநெட்டைச் சீர்செய்யும் வேலை உன் தலையில் விழுந்திருப்பதாக எழுதியிருந்தாய். யாரும் திறந்தே பார்ப்பதில்லை, முகப்பில் வினாடி வினா, பிறந்தநாள் வாழ்த்து, லைக் பட்டன் எல்லாம் வைக்கலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வை, தப்பில்லை. ஆனால் வேலையை அங்கே ஆரம்பிக்காதே.

ஒருவர் அந்தப் பக்கம் எதற்கு வருகிறார்? போன மாசத்துச் சம்பளச் சீட்டு வேண்டும். எத்தனை லீவு மிச்சம் என்று தெரிய வேண்டும். ராத்திரி ஷிஃப்டுக்கு பஸ் எத்தனை மணிக்கு? தேடல் பெட்டியில் 'லீவு' என்று போட்டதும் என்றைக்கோ வந்த பொங்கல் சர்க்குலர் முதலில் வந்து நின்றால், ஆள் அதோடு சரி. அடுத்த முறை வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொள்வார். அதனால் முதலில் பழையதைக் கழி. ஒவ்வொரு பக்கத்திலும் பொறுப்பாளர் பெயரும் கடைசியாகச் சரிபார்த்த தேதியும் இருக்கட்டும். பொறுப்பேற்க ஆளில்லாத பக்கத்தை எடுத்துவிடு.

மெனுவை எச்.ஆர்., நிதி, நிர்வாகம் என்று துறைவாரியாகப் பிரிப்பது நிர்வாகத்துக்கு வசதி. முன்பணம் கேட்டு வருகிறவருக்கு அது எந்தத் துறை என்று எப்படித் தெரியும்? 1994-இல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேக்கப் நீல்சன் குழுவினர் இதற்கு எளிய வழி கண்டார்கள். ஒவ்வொரு சேவையையும் ஒரு அட்டையில் எழுதி ஊழியர்களிடம் கொடுத்து, ஒன்றாகச் சேர வேண்டியவற்றைச் சேர்க்கச் சொன்னார்கள். அந்த அடுக்கலை வைத்தே மெனு உருவானது. நீயும் கேன்டீன் மேசையில் இதைச் செய்து பார்க்கலாம். அட்டைக்கு ஆகும் செலவுதான்.

ஊழியர் ஈடுபாடு பற்றி நான் அறிந்த நல்ல உதாரணம் ஜெராக்ஸ் நிறுவனத்தில் நடந்தது. நகலெடுக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களோடு கூடவே திரிந்தார் ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர். கையேட்டில் இல்லாத கோளாறுகளை அவர்கள் சாப்பாட்டு மேசையில் கதையாகச் சொல்லித்தான் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்தார்கள். இந்தப் புரிதலோடு 1990-களில் 'யுரேகா' என்ற உத்திப் பகிர்வு முறை உருவானது. பழுதுபார்ப்பவர் தான் கண்ட உத்தியை எழுதுவார். அனுபவமுள்ள சக ஊழியர்கள் சரிபார்ப்பார்கள். அப்புறம் எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போகும். உத்திக்குப் பணம் தரலாமா என்ற பேச்சு வந்தபோது, வேண்டாம் என்றது பழுதுபார்ப்பவர்களேதான். பணம் வந்தால் எண்ணிக்கை பெருகும், தரம் போகும் என்பது அவர்கள் கணக்கு. பெயர் இருந்தால் போதும் என்றார்கள். லைக் பட்டனுக்கு இந்த மதிப்பு கிடையாது, தம்பி.

உங்கள் ஷாப் ஃப்ளோர் ஆட்களுக்கு ஆபீஸ் மின்னஞ்சல் இல்லையே, அவர்கள் எப்படி உள்ளே வருவார்கள்? செல்போனில், தமிழில், பணியாளர் எண்ணை வைத்தே வர வழி செய். கேள்வி கேட்க ஒரு பெட்டி வைத்தால், பதில் சொல்ல ஆளைப் போட்டுவிட்டு வை.

இன்னொன்று. ஒருவர் பத்து நிமிஷம் உள்ளே இருந்தார் என்பதை ஆர்வம் என்று எம்.டி.க்கு ரிப்போர்ட் எழுதிவிடாதே. வழி தெரியாமல் அலைந்திருக்கலாம். எச்.ஆர். போனுக்கு வரும் 'லீவு எத்தனை பாக்கி' அழைப்புகள் குறைகிறதா என்று பார், அது நம்பத் தகுந்த அளவுகோல்.

தேடல் பெட்டியில் என்னென்ன போட்டுக் கிடைக்காமல் போனார்கள் என்ற பட்டியல் இருக்கிறதா என்று உங்கள் ஐ.டி. ஆட்களிடம் கேள். இருந்தால் இந்த வாரமே வாங்கிப் படித்துவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்