அடைமழைக்கு முன் பானெட்டைத் திறவுங்கள்

பொத்தேரி, மறைமலைநகர், கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் கார் வைத்திருப்பவர்களுக்குப் புரட்டாசியில் ஒரு வேலை இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கிவிடும். "நாலு நாள் ஒழுங்கா எடுக்குது, அஞ்சாம் நாள் மக்கர் பண்ணுது" என்ற நிலையில் உள்ள வண்டியை அதற்குள் பார்த்துவிடுங்கள். வெயில் காலத்தில் எப்போதோ ஒருமுறை தலைகாட்டும் கோளாறு, ஈரம் ஏறியதும் அடிக்கடி வரும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக நின்றதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். எச்சரிக்கை வந்ததும் வண்டியை எடுத்து மேட்டில் நிறுத்தியவர்கள் தப்பித்தார்கள். அந்த இரவில் செல்ஃப் எடுக்காத வண்டி, அடுக்குமாடியின் பேஸ்மென்டில் தண்ணீருக்குக் காத்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2015 டிசம்பர் 1-2 மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவானது. நம் ஊருக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ஒரு சில ஸ்டேஷன்கள்தான்.

விட்டுவிட்டு வரும் கோளாறில் பெரிய சங்கடம், மெக்கானிக் முன்னால் அது வராது என்பதுதான். அங்கே சாவியைத் திருப்பினால் முதல் தடவையிலேயே எடுக்கும். "பேட்டரி வீக்கா இருக்கும் சார், மாத்திடலாம்" என்பார். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். சரியாக இல்லாவிட்டால், சில ஆயிரம் ரூபாய் போன பிறகும் பழைய தொல்லை தொடரும். எடுக்காத அந்த நிமிடத்தில் அங்கே இருப்பவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே போனில் வீடியோ எடுங்கள்; டேஷ்போர்டு விளக்குகளும் சத்தமும் பதிவாகட்டும். காலையில் முதல் தடவையா, ஓடி நின்ற சூட்டிலா, மழை பெய்த மறுநாளா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல மெக்கானிக்குக் குறிப்பு கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

சத்தத்தைக் கவனிப்பது இப்படி. டக டக டக என்று வேகமாக அடித்து, விளக்குகளும் மங்கினால் மின்சாரம் போதவில்லை: பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு டக், விளக்கு மங்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரையோ அதன் சாலினாய்டையோ அதற்குப் போகும் வயரையோ சந்தேகிக்கலாம். சத்தமே இல்லை என்றால் கிளட்சை முழுக்க மிதித்தீர்களா, ஆட்டோமேட்டிக்கில் லீவர் பி-யில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிளட்ச் பெடலில் உள்ள சிறிய சுவிட்ச் மக்கர் செய்வதும் உண்டு. டேஷ்போர்டில் சாவிப் படம் மின்னினால் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணவில்லை. மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியென்றால் சாவிக்குள் இருக்கும் சின்ன பேட்டரியும் தீர்ந்திருக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

முதலில் டெர்மினல். பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் அங்கேயே பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். கிளாம்ப்பைக் கையால் திருகிப் பாருங்கள், துளியும் அசையக்கூடாது. லூசாக இருக்கிறதென்று இடையில் தகரத் துண்டைச் செருகிவைக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது இருந்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கிளாம்ப் போடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவைத்து இறுக்கி, மேலே மெல்லிசாக வாஸ்லின் தடவினால் போதும். கோவளம், மாமல்லபுரம் பக்கம் குடியிருப்பவர்கள் இதைச் சற்று அடிக்கடி செய்ய வேண்டும்; கிழக்குக் கடற்கரைச் சாலையின் உப்புக் காற்று செம்பையும் இரும்பையும் விட்டுவைக்காது. அவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், அங்கிருந்து இன்ஜினுக்கும் போகும் எர்த் வயர். மேலே பார்க்க நன்றாக இருந்துகொண்டே போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்திருக்கும். ஒரு நாள் எடுக்கும், ஒரு நாள் எடுக்காது என்ற புகாருக்கு இதைவிடப் பொருத்தமான குற்றவாளி எனக்குத் தெரிந்து இல்லை.

மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி, 12-க்குக் கீழே காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழக்கூடாது. இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.5 வரை நிற்கும். 12-லேயே கிடந்தால் ஆல்டர்னேட்டரையும் பெல்ட்டையும் பாருங்கள். எர்த் வயரைச் சோதிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜினின் வெற்று உலோகத்திலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றம் நிரூபணம்.

மழைக்காலத்தில்தான் பேட்டரி போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைத் தேய்ப்பது சித்திரை, வைகாசி வெயில். வைப்பர், ஹெட்லைட், கண்ணாடி ஆவியைப் போக்க ஏ.சி. என்று மழையில் பளு ஏறும்போது முடிவு தெரிகிறது, அவ்வளவுதான். நம் வெயிலில் மூன்று, நான்கு ஆண்டுதான் ஒரு பேட்டரியின் ஆயுள். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் கார் உற்பத்தி 2022-ல் நின்றது. அங்கே தயாரான ஃபிகோவும் எகோஸ்போர்ட்டும் இன்னும் நம் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றில் கடைசியாக வெளிவந்த வண்டியின் பேட்டரிக்குக்கூட வயது ஆகிவிட்டது.

மின்சார ரயிலில் வேலைக்குப் போய், காரை வாரம் முழுக்க வீட்டில் நிறுத்துபவர்கள் கவனிக்க: தினமும் காலையில் ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டால் போதிய அளவு சார்ஜ் ஏறாது. வாரத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டு வரை ஓட்டிவிட்டு வாருங்கள். டேஷ் கேமராவும் டிராக்கரும் நிறுத்திய பிறகும் மின்சாரம் இழுக்கின்றனவா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி தூங்கும்போது 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இழுத்தால் அதிகம்.

கைப்பிடியைச் சுழற்றிக் கிளப்பும் வேலையை ஒழிக்க, சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் 1912-ல் காடிலாக்கில் வந்தது. நம் பழைய அம்பாசடர்களில் அதன் பிறகும் கைப்பிடி கூடவே இருந்தது. இன்றைய வண்டியில் அதற்குத் துளைகூடக் கிடையாது. மேனுவல் கியர் என்றால் நாலு பேர் தள்ளலாம். ஆட்டோமேட்டிக்கைத் தள்ளிப் பயனில்லை. ஆகவே நல்ல ஜம்பர் கேபிள் ஒன்றை டிக்கியில் வைத்திருங்கள். சிவப்பை இரண்டு பாசிட்டிவிலும், கறுப்பின் ஒரு முனையை உதவிக்கு வந்த வண்டியின் நெகட்டிவிலும் மாட்டி, கடைசி முனையை உங்கள் இன்ஜினின் உலோகத்தில் கொடுங்கள்.

இனி அந்த வேறு கதை. செல்ஃப் சுற்றியும் பிடிக்காத பெட்ரோல் வண்டியில் சாவியை ஆன் நிலையில் வைத்துக் காதுகொடுங்கள்; பின் சீட் பக்கம் இரண்டு விநாடி "உய்ங்" என்று பம்ப் ஓடும் சத்தம் கேட்க வேண்டும். நெடுந்தூரம் ஓடி நின்றதும் எடுக்காமல், ஆறினால் எடுத்தால் மெக்கானிக்கிடம் கிராங்க் சென்சாரைச் சொல்லி வையுங்கள். மழை ஈரத்தில் மட்டும் திணறினால் இக்னிஷன் காயிலையும் பிளக்கையும் பாருங்கள். டீசல் வண்டியில் ஃபில்டரில் சேர்ந்த தண்ணீரை மழைக்கு முன் வடித்துவிடுங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அதில் தண்ணீர் அளவுக்கு மீறிக் கலந்தால் இரண்டும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். வெள்ளம் நின்ற பங்க்கில் உடனே போய் டேங்கை நிரப்பாதீர்கள். எலியையும் மறக்க வேண்டாம். வெளியே ஈரம் என்றால் அது தேடி வரும் இடம் சூடான இன்ஜின்தான். பானெட்டுக்குள் புழுக்கை கிடந்தால் வயரிங்கை ஆளை வைத்துப் பாருங்கள்.

ஆயுத பூசைக்கு வண்டியைக் கழுவுவீர்கள். சந்தனம், குங்குமம், எலுமிச்சை எல்லாம் நடக்கட்டும். பிரஷர் பம்பை மட்டும் இன்ஜின் பக்கம் திருப்ப விடாதீர்கள். பூசைக்கு முன்னும் பின்னும் நன்றாக எடுத்த வண்டி மூன்றாம் நாள் நின்றால், கனெக்டருக்குள் புகுந்த தண்ணீர்தான் பெரும்பாலும் காரணம்.

எல்லாம் செய்தும் கார் தண்ணீரில் நின்றுவிட்டால், வடிந்ததும் "எடுக்குதா பார்ப்போம்" என்று சாவியைத் தொடாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் ஒரு தடவை செல்ஃப் அடித்தாலே கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். கைக்கு எட்டினால் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, இழுத்துச் செல்லும் வண்டியைக் கூப்பிடுங்கள். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து உடைத்தால் சாதாரண இன்சூரன்ஸ் பெரும்பாலும் கைவிரித்துவிடும். உங்கள் பாலிசியில் "இன்ஜின் புரொடெக்ட்" சேர்த்திருக்கிறதா, அதன் நிபந்தனை என்ன என்று மழை தொடங்கும் முன் எடுத்துப் படித்துவிடுங்கள்.