பிளானர் ஹெட்போன்: பழக்கவும் சீர்செய்யவும் சில குறிப்புகள்

சாதாரண ஹெட்போனில் ஒலியை எழுப்புவது ஒரு சின்னக் கூம்பும் அதில் ஒட்டிய கம்பிச் சுருளும். பிளானரில் கூம்பு கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் படலத்தின் மேல் மின்தடங்கள் படிந்திருக்கும்; காந்தங்களுக்கு எதிரே அந்தப் படலம் மொத்தமாக அசையும். யமஹா 1976-இல் இந்த முறையில் ஹெச்பி-1 என்ற ஹெட்போனைக் கொண்டுவந்தது. பிரித்துச் சீர்செய்வதற்கு இன்று பெயர் பெற்றது ஃபாஸ்டெக்ஸ் டி50ஆர்பி. கீழே உள்ளவை பெரும்பாலும் அதை மனத்தில் வைத்து எழுதியவை. சாமான்களில் பாதி பிச்சாட்டூர் மருந்துக்கடையிலும் ஸ்டேஷனரி கடையிலுமே கிடைக்கும். மற்றதற்கு நாகலாபுரம், ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வரலாம்.

1. வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். ஒரே குரல் மட்டும் உள்ள பதிவைப் போட்டால் அது தலையின் நட்டநடுவே கேட்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால், திருப்பிப் போட்டுக்கொண்டு பாருங்கள். சாய்வும் கூடவே பக்கம் மாறினால் கோளாறு உங்கள் காதில் இல்லை, ஹெட்போனிலோ அதற்கு ஒலி தரும் கருவியிலோதான். பிறகு கைபேசியில் டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்கி, 200 ஹெர்ட்ஸிலிருந்து 20 வரை மெதுவாகக் கீழே கொண்டுவாருங்கள். கரகரப்போ சலசலப்போ கேட்டால் திருப்பி அனுப்புவதே நல்லது.

2. நூறு, இருநூறு மணி நேரம் ஓடவிட்டால்தான் ஒலி 'திறக்கும்' என்று சொல்லி உங்களைக் காக்க வைப்பார்கள். அதை நம்பித் திருப்பித் தரும் கெடுவைத் தாண்டவிடாதீர்கள். படலம் ஓடி ஓடி இளகுவதால் வரும் மாற்றம் இருந்தாலும் மிகச் சிறியது. முதல் சில வாரங்களில் உண்மையில் மாறுபவை இரண்டு: காதுத் திண்டின் பஞ்சு உங்கள் தாடைக்குத் தக்கபடி அமுங்குகிறது, புதிய ஒலிக்கு உங்கள் காது பழகுகிறது. அலமாரியில் தனியாகக் கத்தவிட்டால் இரண்டுமே நடக்காது. ஆகவே மாட்டிக்கொண்டு கேளுங்கள். முதல் நாளே எரிச்சலூட்டும் கூர்மை ஒரு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால், அந்த மாடல் உங்களுக்கானதல்ல.

3. அடிநாதம் போதவில்லையா? எதையும் பிரிப்பதற்கு முன் காற்று எங்கே கசிகிறது என்று பாருங்கள். மூக்குக் கண்ணாடியின் கம்பி, திண்டுக்குள் மாட்டிய முடி, தோடு, தளர்ந்த தலைப்பட்டை, எதுவும் காரணமாகலாம். இரண்டு கிண்ணங்களையும் கையால் லேசாக அழுத்துங்கள். அடிநாதம் சட்டென்று கூடினால் கசிவு உறுதி. வேகமாக அழுத்தக் கூடாது. உள்ளே அடைபடும் காற்று படலத்தைத் தள்ளிச் சுருக்கிவிடும்.

4. செலவழிப்பதென்றால் முதல் பணத்தைக் காதுத் திண்டுக்குச் செலவழியுங்கள். மற்ற மாற்றங்கள் எல்லாம் சேர்ந்தாலும் இதற்கு ஈடாகாது என்பது என் தீர்மானமான எண்ணம். டி50ஆர்பியோடு வரும் திண்டு மெல்லியது. காது உள்தட்டில் இடிக்கும். ஷூர் எஸ்ஆர்ஹெச்840-க்கான திண்டை இதில் மாட்டுவது பலர் செய்து பார்த்த வழி. தோல் போன்ற மேலுறை காற்றை அடைத்து அடிநாதத்தைக் காக்கும், ஆனால் சித்திரை வெயிலில் வியர்த்துக் கொட்டும். வெல்வெட் துணி குளுமையானது, அடிநாதம் கொஞ்சம் கசியும். இரண்டும் வைத்துக்கொண்டு பருவத்துக்கு ஒன்று மாட்டலாம்.

5. பிரிக்கும் முன் மேசையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்துங்கள். உள்ளே இருப்பவை வலுவான காந்தங்கள். இரும்புத் தூள் ஒன்று போய் ஒட்டினால் எடுப்பது பெரும்பாடு. திருப்புளியும் வெடுக்கென்று இழுக்கப்பட்டுப் படலத்தைக் கிழித்துவிடும். ஒவ்வொரு படியையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாரன்டி இருக்கும்போது திறந்தால் அது போய்விடக்கூடும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

6. கிண்ணத்தின் பிளாஸ்டிக்கை விரல்நகத்தால் தட்டினால் டொக்கென்று ஒலிக்கும். பாட்டு ஓடும்போதும் அது கூடவே அதிர்கிறது. இதை அடக்கக் களிமண் அப்புவது பழைய வழி. எண்ணெய்க் களிமண் நம் ஊர் மே மாத வெயிலில் இளகி வழியும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கார் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் ஷீட் உறுதியாக நிற்கும். திருப்பதி கார் அலங்காரக் கடைகளில் கேளுங்கள். சிறு துண்டுகளாக வெட்டி, சின்ன டிஜிட்டல் தராசில் நிறுத்து, இரு பக்கமும் சம எடையில் ஒட்டுங்கள்.

7. மூடிய கிண்ணத்துக்குள் மருந்துக்கடைப் பஞ்சைத் தளர்வாகப் பிய்த்து வைத்தால் குடத்துக்குள் பேசுவது போன்ற எதிரொலி குறையும். திணிக்காதீர்கள். இலவம்பஞ்சு வேண்டாம், இழை பறந்து படலத்தில் ஒட்டும். பின்புறம் திறந்த மாடல்களுக்குப் பஞ்சு வேலையே இல்லை.

8. உச்ச ஒலி குத்தினால், படலத்துக்கும் காதுக்கும் நடுவே மெல்லிய ஃபெல்ட் துணியை வட்டமாக வெட்டி வையுங்கள். கிண்ணத்துக் காற்றுத் துளைகளை மைக்ரோபோர் பிளாஸ்திரியால் பாதி மூடினால் அடிநாதத்தின் அளவு மாறும். பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம்.

9. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம் மட்டும். அதே பாட்டு, அதே சத்தம். நான் வைத்துக்கொள்வது இரண்டு: எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பாலாஜி பஞ்சரத்னமாலா, இளையராஜாவின் 1986-ஆம் ஆண்டு இசைத்தொகுப்பு 'ஹவ் டு நேம் இட்'. முதலாவதில் தம்புராவின் ரீங்காரம் தொடர்ந்து கேட்க வேண்டும். மிருதங்கத் தொப்பியின் கும்கி உருண்டு வர வேண்டும், பொம்மென்று வீங்கக் கூடாது. இரண்டாவதில் பேஸ் கிட்டாரும் வயலின்களும் ஒன்றையொன்று மறைக்காமல் கேட்டால் பஞ்சும் ஃபெல்டும் சரியாக அமைந்திருக்கின்றன.

10. ஒலி சப்பென்றிருப்பதற்குக் காரணம் சில சமயம் ஹெட்போனே அல்ல, அதற்குப் போகும் மின்திறன். டி50ஆர்பியின் மூன்றாம் பதிப்பு 50 ஓம். 1 மில்லிவாட்டுக்கு 92 டெசிபல் தரும். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு மின்திறன் தேவை: 102-க்கு 10 மில்லிவாட், 112-க்கு 100. கைபேசி திணறினால் 2 வோல்ட் தரும் சிறிய டாங்கிள் டேக் வாங்குங்கள். 50 ஓமில் அது 80 மில்லிவாட் கொடுக்கும்.

11. பிளானர் சிதறாமல் ஒலிப்பதால் சத்தம் கூடியதே தெரியாது. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம்.

12. கேட்டு முடித்ததும் திண்டின் வியர்வையைத் துடைத்து, கிண்ணங்கள் மேலே பார்க்காதபடி மாட்டி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்தால் மேலுறை உரிவது தள்ளிப்போகும். கழற்றிய பழைய திண்டுகளையும் திருகுகளையும் அதே டப்பாவில் போட்டு வையுங்கள். விற்கும்போது வாங்குபவர் அவற்றைக் கேட்பார்.