இறைச்சித் தொழிலும் சிறு வணிகரும்: சிவாஜிநகர் தரும் பாடம்

நமது நாட்டின் கால்நடைப் பொருளாதாரத்தைப் பற்றிய விவாதங்களில் பால் முதலிடம் பெறுகிறது. முட்டை அடுத்த இடம் பெறுகிறது. இறைச்சியோ பெரும்பாலும் ஒரு புள்ளிவிவரமாகவே நின்றுவிடுகிறது. பால் உற்பத்தியாளருக்குக் கூட்டுறவுச் சங்கம் உண்டு. குளிரூட்டும் நிலையம் உண்டு. கொழுப்புச் சத்தை அளந்து விலை கூறும் முறை உண்டு. ஆடு மேய்ப்பவரிடமிருந்து நகரத்து இறைச்சிக் கடை வரையுள்ள நீண்ட பாதையில் இத்தகைய அமைப்புகள் அரிதாகவே காணப்படுகின்றன. அப்பாதையின் இறுதிமுனையில் நிற்பவர் சிறு வணிகர். தூய்மையான இறைச்சி வேண்டும் என்று சமுதாயம் கேட்கிறது. விலை ஏறக்கூடாது என்றும் கேட்கிறது. இவ்விரு கோரிக்கைகளுக்கும் இடையே எழும் செலவை யார் ஏற்பது என்பதே இத்தொழிலின் அடிப்படைப் பிரச்சினை. பெங்களூர் சிவாஜிநகர் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஐரோப்பிய அனுபவத்துடன் ஒப்பிட்டு, இப்பிரச்சினையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ராணுவக் குடியிருப்பில் வளர்ந்த சந்தை

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் நிறுவிய ராணுவக் குடியிருப்பு, பழைய பேட்டை நகருக்குப் புறத்தே ஒரு தனி நகரமாக வளர்ந்தது. படைவீரர்களுக்கு வேண்டிய இறைச்சி, காய்கறி, தோற்பொருள்கள் ஆகியவற்றை வழங்குவதற்காகப் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் இங்கே குடியேறினர். அவர்களுள் தமிழ் பேசுவோர் பெருந்தொகையினர். அந்நாளில் பிளாக்பள்ளி எனப்பட்ட பகுதியே இன்றைய சிவாஜிநகர். 1927இல் கட்டப்பட்டு 1933இல் திறக்கப்பட்ட ரஸ்ஸல் மார்க்கெட், அக்கால நகராட்சி ஆணையர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. காய், கனி, மலர், மீன், ஆட்டிறைச்சி ஆகியவை ஒரே வளாகத்தில் விற்கப்பட்டன. மாட்டிறைச்சிக்கு அருகிலேயே தனிச் சந்தை அமைந்தது. சிறிது தொலைவில் டானரி ரோட்டில் இறைச்சிக்கூடம் உள்ளது. தோல் பதனிடும் தொழிலிலிருந்தே அச்சாலைக்குப் பெயர் வந்தது. சந்தை, இறைச்சிக்கூடம், தோல் தொழில் மூன்றும் ஒன்றையொன்று சார்ந்து, நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்திருந்தன என்பது கவனிக்கத்தக்கது.

1947இல் இப்பகுதி மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் இணைந்து மாநகராட்சியாயின. 2007இல் அது பெருநகர மாநகராட்சியாக விரிந்தது. 2025இல் அதுவும் ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிக்கப்பட்டது. 1951இல் எட்டு லட்சத்துக்கும் சற்றுக் குறைவாக இருந்த நகரின் மக்கள்தொகை, 2011இல் 84 லட்சமாயிற்று. நிர்வாகம் மாறியது, நகரம் பத்து மடங்குக்கு மேல் பெருகியது. ஆனால் விடியலுக்கு முன் ஆட்டை அறுத்து, அன்று பகலுக்குள் இறைச்சியை விற்றுத் தீர்க்கும் முறை பெரிதும் மாறவில்லை. குளிரூட்டிய இறைச்சியை விட அன்றறுத்த இறைச்சியையே வாடிக்கையாளர் விரும்புவதும் இதற்கு ஒரு காரணம். 2012 பிப்ரவரியில் நேர்ந்த தீ விபத்தில் ரஸ்ஸல் மார்க்கெட்டின் கடைகள் பல எரிந்தபின்னும், வணிகர் அதே கட்டடத்திற்கே திரும்பினர்.

வளரும் உற்பத்தி, மாறும் உணவு

2014-15இல் சுமார் 67 லட்சம் டன்னாக இருந்த இந்தியாவின் இறைச்சி உற்பத்தி, 2023-24இல் சுமார் 102 லட்சம் டன்னாக உயர்ந்தது. இதில் ஏறத்தாழப் பாதி கோழியிறைச்சியாகும். எருமை 18 விழுக்காடும், வெள்ளாடு 15 விழுக்காட்டுக்குச் சற்று மேலும், செம்மறியாடு 11 விழுக்காடும் அளித்தன. ஒப்பந்த முறையில் வளர்க்கப்படும் பிராய்லர் கோழி, குஞ்சு முதல் தீவனம் வரை ஒரே நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இயங்குவதால் அதன் உற்பத்திச் செலவைக் குறைக்க முடிகிறது. ஆட்டுக்கு இவ்வசதி இல்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி கர்நாடகத்தில் சுமார் 1.1 கோடி செம்மறியாடுகள் இருந்தன. தெலங்கானா, ஆந்திரப் பிரதேசம் ஆகியவற்றுக்கு அடுத்த மூன்றாம் இடம் அது. இறைச்சிக்குப் பெயர்பெற்ற பன்னூர் இனமும், வறண்ட நிலத்துக்கேற்ற தக்காணி இனமும் இம்மாநிலத்தில் உள்ளன. எனினும் மந்தைகள் சிறியவை. மேய்ச்சல் நிலம் சுருங்கி வருகிறது. ஆடு பல கைகள் மாறியே நகரை அடைகிறது. ஆகவே ஆட்டிறைச்சி கோழியுடன் விலையில் போட்டியிட இயலாமல், வசதியுள்ளோரின் உணவாகவும் விழாக்கால உணவாகவும் மாறி வருகிறது.

ஐந்தாவது காற்பங்கு

இறைச்சி வணிகத்தின் கணக்கைப் புரிந்துகொள்ள ஒரு சொல்லை முதலில் அறிதல் வேண்டும். ஐரோப்பிய இறைச்சி வணிகர் உரித்த மாட்டை நான்கு காற்பங்குகளாகப் பிரிப்பர். தோல், தலை, குடல், ஈரல், கொழுப்பு, எலும்பு முதலிய எஞ்சியவற்றை ‘ஐந்தாவது காற்பங்கு’ என்று வேடிக்கையாகக் கூறுவர். வேடிக்கையாயினும், வணிகரின் ஆதாயம் பல வேளைகளில் இப்பங்கிலேயே அடங்கியுள்ளது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். ஆட்டின் உயிரெடையில் ஏறத்தாழப் பாதியே இறைச்சியாகத் தேறும். 25 கிலோ எடையுள்ள ஆட்டிலிருந்து 12 கிலோ தேறுவதாகக் கொள்வோம். கணக்கின் பொருட்டு உயிரெடைக்குக் கிலோ ஒன்றுக்கு 400 ரூபாய் என வைத்துக்கொண்டால், ஆட்டின் விலை 10,000 ரூபாய்; இறைச்சியின் அடக்கவிலை கிலோவுக்கு 833 ரூபாய். தலை, கால், குடல், ஈரல், சுவரொட்டி, தோல் ஆகியவற்றால் 1,000 ரூபாய் கிடைத்தால் அடக்கவிலை 750 ரூபாயாகக் குறைகிறது. அவ்வருவாய் 400 ரூபாயாக வீழ்ந்தால் அடக்கவிலை 800 ரூபாயாக ஏறுகிறது. அதாவது, ஆட்டின் விலையில் ஒரு பைசாவும் ஏறாமலேயே கிலோவுக்கு 50 ரூபாய் கூடிவிடுகிறது. கடைக்காரர் இதை வாங்குபவர்மீது சுமத்தினால் விற்பனை குறையும். தாமே ஏற்றால் ஆதாயம் கரையும்.

இக்கணக்கில் உள்ள விலைகள் எடுத்துக்காட்டே. ஆனால் அது காட்டும் போக்கு உண்மையானது. செயற்கைத் தோலின் பரவலாலும், ஏற்றுமதித் தேவையின் தளர்ச்சியாலும், பதனிடும் தொழிற்சாலைகள் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்காக ஏற்ற செலவுகளாலும் பச்சைத் தோலின் விலை 2010களின் பிற்பகுதியில் கடுமையாக வீழ்ந்தது. ஒருகாலத்தில் தோல் விற்ற பணத்திலேயே அறுப்புக் கூலியும் வண்டிக் கூலியும் அடங்கிவிடும் என்று முதிய வணிகர் கூறக் கேட்டிருக்கிறேன். பக்ரீத் நாட்களில் குவியும் தோலை வாங்க ஆளில்லாத நிலையையும் அதே தலைமுறையினர் கண்டனர்.

ஐரோப்பா கண்ட மாற்றங்கள்

நகராட்சியே இறைச்சிக்கூடம் நடத்த வேண்டும் என்னும் கருத்து ஐரோப்பாவில் உருவானது. 1810இல் நெப்போலியன் பிறப்பித்த ஆணையின்படி கட்டப்பட்ட பொது இறைச்சிக்கூடங்கள் 1818இல் பாரிஸில் செயற்படத் தொடங்கின. தெருவில் அறுப்பதைத் தடுப்பதும், மருத்துவ ஆய்வை எளிதாக்குவதும் இதன் நோக்கங்கள். பின்னர்க் குளிர்சாதன வசதியும் நெடுஞ்சாலைகளும் வந்தபோது, நகரின் நடுவில் கூடம் இருக்க வேண்டிய அவசியம் மறைந்தது. பாரிஸின் புகழ்பெற்ற லா வில்லெட் இறைச்சிக்கூடம் 1974இல் மூடப்பட்டது.

அடுத்த நெருக்கடி நோயின் வடிவில் வந்தது. 1986இல் பிரிட்டனில் கண்டறியப்பட்ட ‘பைத்தியப் பசு நோய்’, இறைச்சி-எலும்புத் தூளைக் கால்நடைத் தீவனத்தில் கலந்ததால் பரவியது. 1996 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் பிரிட்டனின் மாட்டிறைச்சி ஏற்றுமதியைத் தடை செய்தது. அத்தடை முழுமையாக நீங்கியது 2006இல்தான். இதன் பொருளாதார விளைவு ஆழமானது. அதுவரை விற்பனைப் பொருளாக இருந்த எலும்பும் கழிவும் அதன்பின் பணம் கொடுத்து அழிக்கப்பட வேண்டியவை ஆயின. ஐந்தாவது காற்பங்கு வரவிலிருந்து செலவுக்கு மாறியது. ஒவ்வொரு மாட்டுக்கும் அடையாள எண்ணும் ஆவணமும், பண்ணை முதல் கடை வரை பின்தொடர்ந்து அறியும் முறையும் கட்டாயமாயின.

இவ்விதிகள் நுகர்வோரைக் காத்தன, ஐயமில்லை. ஆனால் அவற்றின் நிலையான செலவைப் பெரிய கூடம் ஆயிரக்கணக்கான கால்நடைகள்மீது பகிர்ந்துகொள்ள முடிந்தது. சிறிய கூடத்தால் இயலவில்லை. பெரிய அங்காடி நிறுவனங்களின் கொள்முதல் முறையும் பெரிய கூடங்களுக்கே சாதகமாயிற்று. பிரிட்டனில் 1970களில் சுமார் 2,500ஆக இருந்த இறைச்சிக்கூடங்கள் 2010களின் இறுதியில் சுமார் 250ஆகக் குறைந்தன. கூடங்கள் குறையவே கால்நடைகள் நெடுந்தொலைவு பயணம் செய்யலாயின.

செறிவு வேறு ஆபத்துகளையும் கொணர்ந்தது. 2020 ஜூனில் ஜெர்மனியின் மிகப்பெரிய கூடங்களுள் ஒன்றில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் கொரோனாத் தொற்றுக்கு ஆளாயினர். அதன்பின் 2021 முதல் இத்தொழிலின் மையப் பணிகளில் துணை ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்துவதை அந்நாடு சட்டத்தால் தடுத்தது. நெதர்லாந்தில் கால்நடைக் கழிவிலிருந்து எழும் நைட்ரஜன் மாசு பற்றிய 2019 நீதிமன்றத் தீர்ப்பு, மந்தைகளைக் குறைப்பது பற்றிய கடும் விவாதத்தைக் கிளப்பியது. ஐரோப்பாவிலும் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தளர, கோழியிறைச்சியே வளர்ந்து வருகிறது.

எனினும் வேறொரு பாடமும் அங்கே உண்டு. 1887இல் டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் விவசாயிகள் தமது முதல் கூட்டுறவுப் பன்றியிறைச்சிக் கூடத்தை நிறுவினர். கூடம் பெரிதாயிற்று, ஆனால் அதன் உரிமை உற்பத்தியாளரிடம் நின்றது. செறிவு தவிர்க்க இயலாததாயினும், உரிமை யாரிடம் என்பது கொள்கையால் தீர்மானிக்கப்படக்கூடியதே என்பதை இது உணர்த்துகிறது.

சுகாதாரத்தின் விலை

இந்தியாவில் 2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்டவை. அறுப்பதற்கு முன் கால்நடைக்கு ஓய்வு தர வேண்டும். ஒன்றின் கண்முன் மற்றொன்றை அறுக்கலாகாது. ஒரு கால்நடை மருத்துவர் மணிக்கு 12, நாளொன்றுக்கு 96 கால்நடைகளுக்கு மேல் ஆய்வு செய்யலாகாது. இவை அறிவார்ந்த விதிகள். ஆனால் நாளொன்றுக்கு ஆயிரம் ஆடுகள் வரும் கூடத்துக்குப் பதினொரு மருத்துவர்கள் தேவை என்பதும், அறுப்பு விடியலுக்கு முந்திய சில மணி நேரத்திலேயே நிகழ்வதால் அவர்கள் அனைவரும் அந்நேரத்திலேயே இருக்க வேண்டும் என்பதும் இவ்விதியின் நேரடிக் கணக்காகும். உள்ளாட்சி அமைப்புகளின் பணியாளர் பட்டியலில் இதற்கு இடமுண்டா என்பதை அதிகாரிகள் எண்ணிப் பார்க்க வேண்டும். விதி ஒருபுறமும் வசதி மறுபுறமும் நிற்கும்போது, அறுப்பு கூடத்தைவிட்டு ஆய்வாளரின் கண்படாத கொல்லைப்புறங்களுக்குச் செல்கிறது. கடுமையான விதி, வசதியின்றி வந்தால், தன் நோக்கத்துக்கு எதிரான விளைவையே தருகிறது.

சட்டமும் வரத்தும்

கால்நடைப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலைச் சேர்ந்தது. கர்நாடகத்தின் 1964ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட வயதைக் கடந்த அல்லது உழைப்புக்கு உதவாத எருதுகளையும் எருமைகளையும் சான்றிதழுடன் அறுக்க இடமளித்தது. 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் பசுவினம் அனைத்தையும் அறுப்பதைத் தடுத்து, 13 வயதைக் கடந்த எருமைக்கு மட்டும் இடமளித்தது. இச்சட்டத்தின் நோக்கம் பற்றிய விவாதம் இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. பொருளாதார விளைவு மட்டுமே இங்குக் குறிக்கத்தக்கது: சிவாஜிநகரின் மாட்டிறைச்சிச் சந்தை எருமை வரத்தை மட்டுமே நம்ப வேண்டியதாயிற்று. அதே எருமைக்கு ஏற்றுமதிக் கூடங்களும் போட்டியிடுகின்றன. 2023-24இல் இந்தியா சுமார் 13 லட்சம் டன் எருமையிறைச்சியை ஏற்றுமதி செய்தது. குளிர்சாதனமும் ஆய்வுக்கூடமும் உள்ள ஏற்றுமதி நிறுவனமும், அன்றாடம் விற்றுப் பிழைக்கும் கடைக்காரரும் ஒரே வரத்துக்குப் போட்டியிடும்போது முடிவை ஊகிப்பது கடினமன்று.

செய்யத்தக்கவை

கூடத்தை நகருக்கு வெளியே மாற்றுவதே தீர்வு என்று பலர் கருதுகின்றனர். மும்பையில் 1971இல் தேவ்நார் கூடமும், டில்லியில் ஈத்காவிலிருந்து மாற்றப்பட்டு 2009இல் காசிப்பூர் கூடமும் அவ்வாறே எழுந்தன. நெரிசல் குறைய இது உதவும். ஆனால் குளிரூட்டிய வண்டியின்றித் தொலைவை மட்டும் கூட்டினால், ஆட்டோவில் துணி போர்த்திச் செல்லும் இறைச்சி மேலும் ஒரு மணி நேரம் வெயிலில் செல்லும், அவ்வளவே.

ஆகவே மூன்று நடவடிக்கைகள் இன்றியமையாதவை. முதலாவதாக, கால்நடை ஆய்வைக் குடிநீர் போன்ற பொதுச் சேவையாகக் கருதி, அதன் செலவை அறுப்புக் கட்டணத்தில் முழுதும் சுமத்தாமல் பொது நிதியிலிருந்து ஏற்க வேண்டும். நோய் தடுக்கப்படுவதால் பயன் பெறுவது இறைச்சி உண்பவர் மட்டுமல்லர். இரண்டாவதாக, தோல், குடல், எலும்பு, இரத்தம் ஆகியவற்றைக் கூடத்திலேயே ஒருங்கே திரட்டித் தரம் பிரித்து விற்கும் கூட்டுறவு அமைப்பை வணிகரும் தொழிலாளரும் சேர்ந்து நிறுவ ஊக்கமளிக்க வேண்டும். தனித்தனியாகக் கழிவாகப் போவது, திரண்டால் சரக்காகும். மூன்றாவதாக, ஆடு வளர்ப்போர் உயிரெடைக்கேற்ப விலை பெற, சந்தைகளில் எடைமேடை அமைக்க வேண்டும். கண்மதிப்பில் விலை பேசும் வரை தரமான ஆடு வளர்ப்பதற்குரிய பயன் வளர்ப்பவரைச் சேராது.

சிறு வணிகர் மறைந்த பின் தூய்மை வந்தது என்பது ஐரோப்பாவின் வரலாறு. அவர்களுக்கு வேறு தொழில்கள் கிடைத்தன. நமது நாட்டில் அவ்வாறு கிடைக்கும் என்று கொள்வதற்கில்லை. சிறு வணிகரை வைத்துக்கொண்டே தூய்மையைக் கொணர முடியுமா என்பதே நம்முன் உள்ள கேள்வி. அதற்கான விடை விதிகளின் கடுமையில் இல்லை. விதிகளுக்கேற்ற வசதியை நகராட்சி எவ்வளவு அளிக்கிறது என்பதிலேயே உள்ளது.