எண்ணிச் சரிபார்க்கும் கைகள்

ஆபரேஷன் என்றதும் டாக்டரும் நர்சுமே நம் நினைவுக்கு வருகின்றனர். அவர்களுக்குத் துணைநிற்பவர் அறுவை அரங்கத் தொழில்நுட்பர். பிளஸ் டூவில் உயிரியல் பயின்றோர் இதற்கான பட்டப்படிப்பில் சேரலாம். நம் கள்ளக்குறிச்சியிலும் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுள்ளது.

கருவிகளை 121 டிகிரி செல்சியஸ் அழுத்த நீராவியில் வைத்துக் கிருமி நீக்கக் கற்பார்கள். அதனினும் அரிய பாடம் எண்ணுவது. தொடங்குமுன் எண்ணிய பஞ்சுத் துணிகளையும் ஊசிகளையும், தைத்து மூடுமுன் நர்சுடன் சேர்ந்து மறுபடி எண்ண வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் வெளியிட்ட சரிபார்ப்புப் பட்டியலும் இதை வலியுறுத்துகிறது. ஒன்று குறைந்தாலும், "குறைகிறது, டாக்டர்" என்று அஞ்சாமல் கூற வேண்டும். மௌனம் காத்தால், உள்ளே தங்கிய துணி உயிருக்கே உலை வைக்கும்.

இப்பயிற்சியை இன்றே தொடங்கலாம். கடையில் கூடுதலாக வந்த சில்லறையைத் திருப்பிக் கொடுப்போம். செய்த தவற்றை ஒளிக்காமல் சிஸ்டரிடம் சொல்வோம். இறைவன் நம் கைகளை ஆசீர்வதிப்பாராக!