அரளிச் செடியின் பச்சைப் பூச்சி

செராஸ் வட்டாரத்தில் வீட்டு முற்றங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி முதலிய செடிகளை நாம் காண்கிறோம். சில வேளைகளில் அவற்றின் தளிர்கள் மறைந்து, காம்புகள் மட்டுமே எஞ்சி நிற்கும். உற்று நோக்கினால், இலைகளுக்கிடையே பருத்த பச்சைப் புழு ஒன்று தென்படும். அதனை உடனே நசுக்கிவிட எண்ணுவோர் பலர். அப்புழு யாது, பின்னர் அது என்னவாகிறது என்பதை அறிந்துகொள்வோம்.

தோற்றம்

அது அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழுவாகும். 1758ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயசு இப்பூச்சிக்கு அறிவியற்பெயர் சூட்டினார். இன்று அது 'டாப்னிசு நெரீ' என வழங்குகிறது. விரித்த சிறகுகளின் அகலம் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர். கரும்பச்சை, இளம்பச்சை, வெண்மை, இளஞ்சிவப்பு ஆகிய நிறங்கள் சிறகுகளில் அலையலையாகக் கலந்துள்ளன. பகலில் இலைகளிடையே அசையாது அமர்ந்திருந்தால், அதனை இலையினின்று பிரித்தறிதல் அரிது.

நான்கு பருவங்கள்

முட்டை: தாய்ப்பூச்சி இளந்தளிர்களில் முட்டைகளைத் தனித்தனியே இடும். அவை வெளிர்பச்சை நிறமும் உருண்டை வடிவமும் கொண்டவை.

புழு: முட்டையினின்று வெளிவரும் புழு மஞ்சள் நிறமாக இருக்கும். வாலருகே கருமையான நீண்ட கொம்பு காணப்படும். இலைகளைத் தின்று, பலமுறை தோலுரித்துப் பச்சை நிறம் பெறும். முழு வளர்ச்சியில் 7 சென்டிமீட்டருக்கு மேல் நீளும். தலைக்குப் பின்னால் நீலமும் வெண்மையுமான இரண்டு பெரிய புள்ளிகள் உண்டு. அவை உண்மைக் கண்கள் அல்ல. ஆபத்து நேர்கையில் புழு தலையை உள்ளிழுத்துக்கொள்ளும். அப்போது அப்புள்ளிகள் பெரிய விலங்கின் கண்கள்போல் தோன்றிப் பகைவரை அச்சுறுத்தும்.

கூட்டுப்புழு: வளர்ந்த புழு பழுப்பு நிறமாக மாறிச் செடியை விட்டு இறங்கும். தரையில் கிடக்கும் சருகுகளுக்கிடையே மெல்லிய கூடு அமைத்து உறங்கும்.

பூச்சி: சில வாரங்களில் கூட்டைவிட்டு வெளிவரும் பூச்சி அந்தி நேரத்தில் பறக்கும். பூவின் முன்னே காற்றில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலால் தேனைக் குடிக்கும். அவ்வேளையில் மகரந்தத்தை மலருக்கு மலர் கொண்டு சேர்க்கும்.

நஞ்சும் உணவும்

அரளியின் எல்லாப் பகுதிகளும் நச்சுத்தன்மை உடையவை; அதனை உண்டால் மனிதரின் இதயத்துடிப்பு பாதிக்கப்படும். ஆயினும், அந்நஞ்சு இப்புழுவைக் கொல்வதில்லை. எனவே, பிற உயிர்கள் ஒதுக்கும் இலையே இதற்கு உணவாகிறது.

இப்பூச்சி நெடுந்தொலைவு பறக்கும் ஆற்றலுடையது. கோடையில் ஐரோப்பா வரையிலும் செல்வதுண்டு. ஆனால், அங்குள்ள கடுங்குளிரில் பிழைக்காது. ஆண்டு முழுதும் வெப்பமும் மழையும் பெறும் நம் நாட்டிலோ அதற்குத் தளிர்களுக்குக் குறைவில்லை.

நம் கடமை

மாணவர்களே! நந்தியாவட்டை தளிர்களை இழந்தாலும் மீண்டும் துளிர்க்கும். நசுக்கிய புழுவோ சிறகு பெறாது. ஆகவே, புழுவைக் கண்டால் தொடாமல் நாள்தோறும் கவனித்து, அதன் நிறத்தையும் நீளத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். செடியின் கீழுள்ள சருகுகளை அகற்றாதீர்கள். அவற்றுள் ஒரு கூட்டுப்புழு உறங்கக்கூடும். அரளியின் இலையையோ பாலையோ வாயில் வைக்காதீர்கள். செடியைத் தொட நேர்ந்தால் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள்.