நாலு திங்கட்கிழமை

பி.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி இளங்கலை, சேர்ந்த முதல் வாரமே உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள், "சேவை செய்யறதுக்கு எதுக்குடா படிப்பு?" என்று. என்னைக் கேட்டது பெரியப்பா. பதில் எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் கிடைத்தது. கிடைத்த விதம் இன்றும் உறுத்துகிறது.

வகுப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மேரி ரிச்மண்ட் 1917-இல் எழுதிய புத்தகம், பீஸ்டெக்கின் ஏழு கோட்பாடுகள், கேஸ் ஒர்க், குரூப் ஒர்க்... மனப்பாடம் செய்தால் பாஸ். கிராம முகாமில் நூறு பேருக்குச் சாம்பார் வைக்கப் பழகிக்கொள்வீர்கள். மற்றபடி இந்தப் படிப்பு என்பது வாரம் இரண்டு நாள் ஃபீல்டு ஒர்க்தான்.

2017-இல் நகரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்புக்கு என்னை அனுப்பினார்கள். அங்கே ஓர் அக்கா. சித்தாள் வேலை, இரண்டு பிள்ளைகள். கேரளாவுக்கு வேலைக்குப் போன கணவரிடமிருந்து மூன்று வருடமாகத் தகவல் இல்லை. கேட்கக் கேட்க எனக்குத் தொண்டை அடைத்தது. "கவலைப்படாதீங்கக்கா, மாசம் ஆயிரம் ரூபா பென்ஷன் நான் வாங்கித் தர்றேன்" என்றேன். பீஸ்டெக்கின் ஏழும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். பென்ஷன் விதி ஒன்றுகூடத் தெரியாது.

விதவை உதவித்தொகைக்குக் கணவரின் இறப்புச் சான்றிதழ் வேண்டும். காணாமல் போனவரை இறந்தவராகச் சட்டம் எடுத்துக்கொள்ள ஏழு வருடம் ஆக வேண்டும். கைவிடப்பட்ட பெண்ணுக்கான உதவித்தொகை என்றால், சட்டப்படி பிரிந்திருக்க வேண்டும், இல்லையேல் ஐந்து வருடமாவது ஆகியிருக்க வேண்டும். மூன்று வருடம் எந்தக் கணக்கிலும் வராது. இது தெரியாமல் தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள் என்று நாலு திங்கட்கிழமை அவரை அலைய வைத்தேன். நான் வகுப்பை கட் அடித்துவிட்டுக் கூடப் போனதைத் தியாகம் என்று வேறு நினைத்துக்கொண்டேன். அவருக்குப் போனது நாலு நாள் கூலி. நாலாவது வாரம், மனுவைப் புரட்டிய எழுத்தர் இரண்டு நிமிடத்தில் விதியைச் சொல்லி முடித்துவிட்டார். அந்த அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பஸ்ஸில் தனி சீட்டில் போய் உட்கார்ந்தார்.

இதைவிட வலிப்பது வேறு. சித்தாள் வேலை செய்பவர் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால், பிள்ளைகள் படிப்புக்கு உதவி கிடைத்திருக்கும். கணவர் எங்கே இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. ஓடிப்போனவரைப் பற்றி என் ரெக்கார்டில் பதினோரு பக்கம் எழுதியிருந்தேன். 'வாரிய அட்டை இருக்கா?' என்ற ஒரு கேள்வியை எந்தப் பக்கத்திலும் கேட்கவில்லை.

அந்தப் பதினோரு பக்கத்துக்குக் கீழே, சிவப்பு மையில், 'நல்ல ராப்போ' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார் என் மேற்பார்வையாளர். அவர் எண்ணியது மணிக்கணக்கை மட்டும். தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரு முறை, 'எந்த விதிப்படி வாங்கித் தருவே?' என்று கேட்டிருந்தால், அந்த நாலு கூலியும் அக்காவின் கையில் இருந்திருக்கும்.

ஆகவே, வாக்குக் கொடுக்கும் முன் அலுவலகத்துக்குத் தனியாகப் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். உங்கள் பஸ் காசுதான் போகும், உங்களை நம்பி வருகிறவர்களின் கூலி போகாது. அழுகைக் கதையைக் கேட்ட அன்றைக்கே எதையும் முடிவு செய்யாதீர்கள். ரெக்கார்டைக் கடைசி வாரத்தில் மொத்தமாக எழுதாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், அப்படி எழுதினாலும் பரவாயில்லை, பிழைத்துக்கொள்வீர்கள். ஆனால் ஃபீல்டு ஒர்க் முடிந்து மார்ச்சுக்குப் பிறகு நீங்கள் வரமாட்டீர்கள் என்பதை அந்த மக்களிடம் ஜனவரியிலேயே சொல்லிவிடுங்கள்.

எச்.ஆர். எடுத்த என் வகுப்புத் தோழர்கள் இன்று ஆலைகளில் நல்ல சம்பளத்தில் இருக்கிறார்கள். நீ மட்டும் ஏன் இன்னும் தெருத்தெருவாக மனு எழுதிக்கொண்டு திரிகிறாய் என்று கேட்கிறார்கள். எனக்கு அடைக்க வேண்டிய பாக்கி ஒன்று இருக்கிறது, அவர்களுக்கு இல்லை.

அந்த வருட ஃபீல்டு ஒர்க் முடிந்த வாரம் வாரிய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். அதுவரை 'தம்பி' என்று கூப்பிட்டவர், வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்: "வெச்சுட்டுப் போங்க சார். திங்கக்கிழமைன்னா என்னால வர முடியாது."