கைபேசியில் எஃப்6 ஏது?

"ஏஎஸ்/400-லயா? அதுல ஏபிஐ எல்லாம் எப்படி சார் வரும்?" கைபேசிச் செயலி எழுத வந்த தம்பி கேட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஐபிஎம் அதை அறிமுகப்படுத்தியது 1988-ல். இன்று அதன் வாரிசுக்குப் பெயர் ஐபிஎம் ஐ. பவர் சர்வரில் ஓடுகிறது. நோட்.ஜேஎஸ், பைத்தான் இரண்டும் அதில் ஓடும். பழைய ஆர்பிஜி புரோகிராமையே ரெஸ்ட் சேவையாக வெளியே தரும் வசதியும் கூடவே வருகிறது. 'இதெல்லாம் ஒரு வார வேலை' என்று சொல்லித் தொலைத்தேன்.

வாகன உதிரிபாக மொத்த வியாபாரம். டீலர்கள் கைபேசியிலேயே ஆர்டர் போட வேண்டும், அவ்வளவுதான். ஆர்டர் புரோகிராமைத் திறந்தால் ஒன்பதாயிரம் வரி. விலை, தள்ளுபடி, கடன் வரம்பு எல்லாம் திரையோடு பின்னிக் கிடந்தன. எஃப்6 அழுத்தினால்தான் கடன் வரம்பையே சோதிக்கும். கைபேசியில் எஃப்6-க்கு எங்கே போவது? கணக்குகளைத் தனியாகப் பிரித்து சர்வீஸ் புரோகிராமாக மாற்ற மூன்று மாதம் ஆனது. உண்மையான வேலை அதுதான். ஏபிஐ கட்டியது நான்கே நாள்.

அந்த நான்கு நாளிலும் இரண்டு அடி. பச்சைத் திரையில் ஒழுங்காக ஓடியது சேவையாக அழைத்தால் 'ஃபைல் இல்லை' என்றது. சேவை வேறொரு யூசர் பெயரில் ஓடுகிறது. அதற்கு நம் லைப்ரரி லிஸ்ட் தெரியாது. நாமே அமைத்துத் தர வேண்டும். அடுத்தது, 'பிரேக்' என்று ஆங்கிலத்தில் வர வேண்டிய இடத்தில் சி2 டி9 சி1 டி2 சி5 என்று வந்தது. அந்தப் பழைய ஃபைலின் சிசிஎஸ்ஐடி 65535. அப்படியென்றால் 'எழுத்து மாற்றாதே' என்று பொருள். இப்சிடிக் அப்படியே வெளியே வந்துவிட்டது. ஏபிஐ பேச்சை எடுப்பதற்கு முன்பே ஃபைல்களில் இந்த எண்ணைத் தேடிவிடுங்கள்.

இருப்பு, பில்லிங் இரண்டையும் தனித்தனி மைக்ரோசர்வீஸாக உடைக்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. வேண்டாம் என்றேன். ஒரே டிபி2-வில் ஒரு கமிட்டில் முடிகிற வேலையை இரண்டாக்கிவிட்டு, பாதியில் நின்றால் யார் சரிக்கட்டுவது?

டீலர்கள் இப்போது கைபேசியில் ஆர்டர் போடுகிறார்கள். கிடங்கு அண்ணன் இன்னும் எஃப்6-தான் அழுத்துகிறார்.